தொட்டால் பதில் வர ஏன் இத்தனை நேரம்? மெதுவான போன்களிலும் தடுமாறாத இணையதளத்துக்கு ஒரு வழிகாட்டி

பக்கம் முழுதாக வந்துவிட்டது. படங்கள் தெரிகின்றன, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. மேலே இருக்கும் மெனு பட்டனைத் தொட்டால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. மறுபடி தொடுகிறீர்கள். மெனு திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. இரண்டு தொடுதல்களும் உள்ளே வரிசையில் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறியிருக்கின்றன.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் 'நெட் ஸ்லோ' என்று முடித்துவிடுவார்கள். அப்படித்தானா என்று பார்க்க எளிய வழி உண்டு. பக்கம் முழுதாக வந்தபின் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு அதே மெனுவைத் தொடுங்கள். இப்போதும் அதே தாமதம் என்றால் நெட்டின் மேல் குற்றமில்லை. சர்வரிடம் தகவல் கேட்கும் பட்டன்களுக்கு இந்தச் சோதனை உதவாது. மெனு, டேப், டிராப்டவுன் போன்றவற்றுக்கு நன்றாகவே உதவும். அங்கே தாமதம் பெரும்பாலும் போனின் பிராசஸரில்தான் நடக்கிறது.

வருபவர் கையில் எந்த போன் இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. அவர் விரல் வைக்கும் அந்த நொடியில் அந்த போனின் தலையில் எவ்வளவு வேலையைச் சுமத்துகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஒரு இணையப் பக்கத்தின் வேலைகளில் பெரும்பகுதி மெயின் த்ரெட் என்ற ஒரே பாதையில் நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது, எந்த உறுப்புக்கு எந்த சிஎஸ்எஸ் விதி என்று கணக்கிடுவது, எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது, வரைவதற்குத் தயார் செய்வது, உங்கள் தொடுதலைக் கவனிப்பது எல்லாமே அங்கேதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. நடந்துகொண்டிருக்கும் வேலை முடியும் வரை உங்கள் தொடுதல் காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்க்ரோலை மட்டும் பெரும்பாலும் கம்பாசிட்டர் என்ற வேறொரு த்ரெட் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் பக்கம் வெண்ணெயாக நகர்ந்துகொண்டே பட்டன்கள் மட்டும் செத்துக் கிடக்கும். ஸ்க்ரோல் செய்து பார்த்துவிட்டு 'வேகமாகத்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் எட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். மெயின் த்ரெட் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். மற்ற ஏழும் உங்கள் மெனுவைத் திறக்க உதவப்போவதில்லை. ஆகவே எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே இங்கே பேச்சு. விலை குறைந்த போன்களில் கார்டெக்ஸ் ஏ53, ஏ55 போன்ற சிறிய கோர்கள் அதிகம். எட்டுமே ஏ53 ஆக இருந்த போன்கள் நிறைய வந்திருக்கின்றன. இவை கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்பவை. ஒரு கட்டளை நினைவகத்திலிருந்து தகவல் வரக் காத்திருந்தால் அதன் பின்னால் வருவதும் நின்றுவிடும். பெரிய கோர்கள் வரிசையை மாற்றி, செய்ய முடிந்ததை முதலில் செய்துகொள்ளும். அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகமும் அவற்றுக்கு அதிகம். பெட்டியில் இரண்டுக்கும் 2 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும் ஒரே வேலையை முடிக்க எடுக்கும் நேரம் வெகுவாக வேறுபடுவது இதனால்தான்.

போன் சூடானால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேட்டரி சேவர் போட்டாலும் வேகம் குறையலாம். ஒரே போன் காலையில் ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி நடந்துகொள்வதில் மர்மம் எதுவும் இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் விஷயம் தனி. அதே அளவுள்ள ஒரு படமும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் நெட்டுக்கு ஒன்றுதான், பிராசஸருக்கு ஒன்றல்ல. கோப்பைப் படித்துப் புரிந்துகொண்டு, கம்பைல் செய்து, அப்புறம் ஓட்ட வேண்டும். முதலில் மெதுவான முறையில் ஓட்டி, அடிக்கடி பயன்படும் பகுதிகளை மட்டும் பிறகு வேகமான வடிவத்துக்கு மாற்றுவது குரோமின் வி8 போன்ற எஞ்சின்களின் வழக்கம். இதனால் பக்கம் வந்த முதல் சில விநாடிகளில் எல்லாமே சுணக்கமாக இருக்கும். வருபவர் விரல் வைப்பதும் சரியாக அப்போதுதான்.

எவ்வளவு தாமதம் சரி?

விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதினார். இன்று இணையதளங்களுக்கு நடைமுறையில் உள்ள அளவுகோல் ஐஎன்பி (இன்டராக்ஷன் டு நெக்ஸ்ட் பெயின்ட்), அதாவது தொட்டது முதல் திரையில் மாற்றம் தெரியும் வரையான நேரம். 2024 மார்ச்சில் கூகுள் இதை, தளத்தின் அனுபவத்தை அளக்கும் தன் கோர் வெப் வைட்டல்ஸ் பட்டியலில், முதல் தொடுதலின் காத்திருப்பை மட்டும் பார்த்த எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாகச் சேர்த்தது. ஒருவர் பக்கத்தில் இருக்கும் நேரம் முழுக்க அவர் செய்யும் கிளிக், தொடுதல், விசை அழுத்தம் ஒவ்வொன்றையும் கவனித்து, ஏறத்தாழ மிக மோசமானதை எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரோல் கணக்கில் வராது. 200 மில்லிவிநாடி வரை நன்று. 500-க்கு மேல் மோசம். நடுவில் இருந்தால் திருத்தம் வேண்டும். வருகைகளில் நான்கில் மூன்று பங்கு 200-க்குள் இருக்க வேண்டும் என்பது குறிக்கோள்.

இந்த நேரத்துக்கு மூன்று பகுதிகள் உண்டு. விரல் வைத்தது முதல் உங்கள் கோட் ஓடத் தொடங்கும் வரையான காத்திருப்பு, கோட் ஓடும் நேரம், ஓடி முடித்தபின் திரையில் வரையும் நேரம். மெதுவான பிராசஸர் மூன்றையுமே இழுத்து நீட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் ஒரு பட்டனின் கோட் 35 மில்லிவிநாடி எடுக்கிறது. கண்ணுக்கே தெரியாது. 50-க்கு மேல் போனால்தான் 'நீண்ட வேலை' என்று பிரவுசர் கருவிகள் எச்சரிக்கும். ஆகவே எச்சரிக்கையும் வராது. ஆறு மடங்கு மெதுவான போனில் அதே கோட் 210. எல்லையைத் தாண்டிவிட்டது, இன்னும் காத்திருப்பையும் வரைதலையும் சேர்க்கவே இல்லை. நல்ல கணினி வைத்திருப்பவர் கண்ணில் இந்தக் கோளாறு படுவதே கடினம். இதன் மறுபக்கம் நமக்குச் சாதகம்: இங்கே நீங்கள் குறைக்கும் 10 மில்லிவிநாடி அங்கே 60 ஆகிறது.

படி 1: நிஜமாக வருபவர்களின் எண்ணைப் பாருங்கள்

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். போதுமான அளவு ஆட்கள் வரும் தளம் என்றால், கடந்த 28 நாட்களில் குரோம் பயனர்கள் உண்மையில் கண்ட ஐஎன்பி மேலேயே இருக்கும். போன், கணினி இரண்டுக்கும் தனித்தனி எண். கணினியில் பச்சை, போனில் ஆரஞ்சு என்று இருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் சிக்கல்தான் என்று சந்தேகப்படலாம். ஐபோனில் ஓடும் குரோம் இந்தக் கணக்கில் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதே பக்கத்தில் கீழே, லைட்ஹவுஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி தரும் மதிப்பெண் வரும். புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது வழக்கம். லைட்ஹவுஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது, எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. அது காட்டும் டிபிடி என்ற எண், பக்கம் வரும் நேரத்தில் மெயின் த்ரெட் எவ்வளவு நேரம் அடைபட்டிருந்தது என்பதற்கான குறிப்பு மட்டுமே. நூற்றுக்கு நூறு வாங்கிய தளத்திலும் மெனு இழுத்தடிக்கலாம்.

புதிய தளம், எண்ணே வரவில்லை என்றால் கவலை வேண்டாம். நேராக அடுத்ததற்குப் போங்கள்.

படி 2: உங்கள் கணினியை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள்

குரோமில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்துகொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன்கள் குறுக்கே வந்து எண்ணைக் கெடுக்கும். குரோமுக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸ் என்ற ஆய்வுக் கருவியில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் சிபியு த்ராட்லிங் என்ற தேர்வு இருக்கும். 4 மடங்கு, 6 மடங்கு, 20 மடங்கு என்று மெதுவாக்கலாம். 4-ல் தொடங்குங்கள். இப்போதைய பதிப்புகளில் அந்தப் பகுதியைத் திறந்தவுடனேயே, நீங்கள் தொடத் தொட ஐஎன்பி எண் கண்முன்னே மாறும். எல்லா பட்டனையும் தொடுங்கள், தேடல் பெட்டியில் வேகமாகத் தட்டுங்கள். பக்கத்தை ரீலோட் செய்து, அது வந்துகொண்டிருக்கும்போதே மெனுவைத் தொடுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மோசமான எண்கள் கிடைப்பது அங்கேதான்.

இரண்டு எச்சரிக்கை. போன் படம் போட்ட டிவைஸ் பட்டனை அழுத்தினால் திரையின் அளவு, தொடுதல் போன்றவைதான் போனைப் போல மாறும். பிராசஸர் அதே லேப்டாப் வேகத்தில்தான் ஓடும். இன்னொன்று, 4 மடங்கு என்பது உங்கள் கணினியைப் பொறுத்தது. அதிவேகக் கணினியை நான்கு மடங்கு மெதுவாக்கினாலும் அது சாதாரண போனைவிட வேகமாக இருக்கலாம். புதிய குரோமில் செட்டிங்ஸின் த்ராட்லிங் பகுதியில் கேலிபரேட் வசதி உண்டு: உங்கள் கணினியை அளந்து, நடுத்தர போன், குறைந்த ரக போன் இரண்டுக்கும் ஏற்ற மடங்கை அதுவே சொல்லும்.

படி 3: ஒரு நிஜ போன்

த்ராட்லிங்கால் சூட்டையோ, சிறிய கேஷையோ, திரையில் வரைய உதவும் ஜிபியு மெதுவாக இருப்பதையோ நடித்துக் காட்ட முடியாது. வீட்டில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றே இதற்குச் சிறந்த கருவி என்பேன். போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் கணினியோடு இணைத்து, கணினியில் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தை (chrome://inspect) திறந்தால் போனில் ஓடும் தளத்தை உங்கள் டெவ்டூல்ஸிலேயே ஆராயலாம். ஐபோனுக்கு மேக்கில் உள்ள சஃபாரி வேண்டும். ஒருமுறை பேட்டரி சேவர் போட்டும் சோதியுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், இது ஒற்றைத் தட்டலா, பெரிதாக்கும் இரட்டைத் தட்டலா என்று தெரிந்துகொள்ள பிரவுசர் சுமார் 300 மில்லிவிநாடி காத்திருக்கலாம். அதற்கும் பிராசஸருக்கும் தொடர்பே இல்லை. ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

படி 4: பதிவு செய்து, எந்தப் பகுதி வீங்கியிருக்கிறது என்று பாருங்கள்

பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ரெக்கார்ட் அழுத்தி, சிக்கலான அந்த ஒரு பட்டனை மட்டும் தொட்டு, நிறுத்துங்கள். பதிவில் இன்டராக்ஷன்ஸ் என்ற வரிசையில் உங்கள் தொடுதல் ஒரு பட்டையாகத் தெரியும். அதன்மேல் மவுஸை வைத்தால் காத்திருப்பு, ஓட்டம், வரைதல் மூன்றும் தனித்தனியாக வரும். கீழே மெயின் வரிசையில் அதே நேரத்தில் என்ன ஓடியது என்று பார்க்கலாம். சிவப்புக் கோடு போட்டவை 50 மில்லிவிநாடியைத் தாண்டிய வேலைகள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, எங்கோ படித்த பத்து வேக உத்திகளை ஒன்றாகப் போடுபவர்கள் உண்டு. நேரம்தான் வீண். மூன்றில் எது பெரிது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது பாதி தெரிந்த மாதிரி.

படி 5: வைத்தியம்

*காத்திருப்பு பெரிதென்றால்* உங்கள் பட்டனின் கோடில் குற்றமில்லை. வேறு ஏதோ மெயின் த்ரெட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. பெரும்பாலும் விளம்பரம், சாட் பெட்டி, கண்காணிப்பு ஸ்கிரிப்ட்கள், அல்லது பக்கம் வந்தவுடன் மொத்தத்தையும் உயிர்ப்பிக்க முயலும் ஃப்ரேம்வொர்க். பதிவில் கோப்பின் பெயரைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். யாருக்கும் தேவைப்படாததைத் தூக்குங்கள். சாட் பெட்டியை அதைத் தொடும்போது மட்டும் இறக்குங்கள். ஸ்கிரிப்ட் டேகில் டிஃபர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்; அது வேலையைத் தள்ளிவைக்கிறது, குறைப்பதில்லை.

*கோட் ஓடும் நேரம் பெரிதென்றால்*, ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தொட்டவர் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டியது எது? ஒரு பொருள் பட்டியலில் வடிகட்டிப் பெட்டியை டிக் செய்கிறார் என்று வையுங்கள். டிக் குறி உடனே விழ வேண்டும். பட்டியல் மாறுவது கொஞ்சம் கழித்து வரலாம். புள்ளிவிவரத்துக்கு அனுப்பும் தகவல், அடுத்த முறைக்காகச் சேமித்துவைப்பது இவை எப்போது நடந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பல தளங்களில் இந்த நான்கும் ஒரே ஃபங்ஷனில், சில சமயம் புள்ளிவிவரம் முதலிலும் டிக் கடைசியிலுமாக இருக்கும்!

வரிசையை மாற்றுங்கள். முதலில் டிக். அப்புறம் பிரவுசருக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள். ஷெட்யூலர் யீல்ட் என்ற வசதி இதற்காகவே 2024-ல் குரோமுக்கு வந்தது: பாதியில் விலகி, அவசர வேலைகளைப் பிரவுசர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது இல்லாத பிரவுசரில் பூஜ்யம் கொடுத்த செட்டைம்அவுட் போதும். வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்பதுதான் அதன் குறை. திரை வரையப்பட்ட பிறகே மிச்சம் தொடங்க வேண்டும் என்றால், அடுத்து வரையப்போகும் சமயத்தில் கோடை ஓட்டும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமுக்குள் ஒரு செட்டைம்அவுட் வைப்பார்கள்.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று. ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் என்று போட்டாலோ ப்ராமிஸில் சுற்றினாலோ மெயின் த்ரெட் விடுபட்டுவிடாது. தயாராக உள்ள ப்ராமிஸின் தொடர்ச்சி, பிரவுசர் திரையை வரையப் போகும் முன்பே ஓடிவிடும். கோட் பார்க்க நவீனமாக இருக்கும், தாமதம் அப்படியே இருக்கும்.

ஆயிரக்கணக்கான வரிகளை வடிகட்டுவது போன்ற கனமான கணக்கு என்றால், துண்டு துண்டாகச் செய்து நடுவே விலகிக்கொள்ளலாம், அல்லது மெயின் த்ரெட்டுக்கு வெளியே தனி த்ரெட்டில் ஓடும் வெப் வொர்க்கருக்கு அனுப்பலாம். சும்மா இருந்த மற்ற கோர்கள் அப்போதுதான் உதவிக்கு வரும். வொர்க்கரால் பக்கத்தின் உறுப்புகளைத் தொட முடியாது, தகவலை அங்கும் இங்கும் நகல் எடுக்கவும் நேரமாகும். சின்னக் கணக்குக்கு அது வீண்வேலை. தேடல் பெட்டிக்கு எளிய வழி, ஒவ்வொரு எழுத்துக்கும் தேடாமல் விரல் ஒரு கணம் நின்றதும் தேடுவது.

இன்னொரு மறைமுக விரயம்: ஒரு லூப்பில் ஒரு பெட்டியின் உயரத்தைப் படித்து, இன்னொன்றின் உயரத்தை மாற்றி, மறுபடி படித்து, மறுபடி மாற்றுவது. நீங்கள் படிக்கும் ஒவ்வொரு முறையும் பிரவுசர் பக்க அமைப்பைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சில வரிகளை இடம் மாற்றுவதில் இவ்வளவு லாபம் கிடைக்கும் இடம் வேறு அதிகம் கிடையாது.

*வரைதல் பெரிதென்றால்* பக்கத்தில் உறுப்புகள் மிதமிஞ்சியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பகுதிகளுக்கு சிஎஸ்எஸ்ஸில் கன்டென்ட் விசிபிலிட்டி என்பதை ஆட்டோ என்று வைத்தால் பிரவுசர் அவற்றை வரைவதைத் தள்ளிப்போடும். நீண்ட பட்டியலில் திரையில் தெரியும் வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதில் இல்லாத வரிகள் பிரவுசரின் 'பக்கத்தில் தேடு' வசதிக்கு அகப்படாது. தேவையில்லாமல் அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பக்கம் பக்கமாகப் பிரிப்பது பழைய முறைதான், இன்றும் அதற்கு ஈடில்லை.

சுழலும் வட்டம் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஜாவாஸ்கிரிப்டால் சுழற்றினால் மெயின் த்ரெட் அடைபடும்போது வட்டமும் நின்றுவிடும். சிஎஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்ம் அனிமேஷனால் சுழற்றினால் அது பெரும்பாலும் கம்பாசிட்டரில் ஓடும், நிற்காது. ஆனால் அது சுழன்றுகொண்டிருந்தாலும் அடுத்த தொடுதல் அடைபட்டேதான் கிடக்கும்.

போனைக் கண்டுபிடித்து அதற்கேற்ப மாற்றலாமா?

ஹார்ட்வேர் கன்கரன்சி என்ற விவரம் எத்தனை கோர் என்று சொல்லும். டிவைஸ் மெமரி தோராயமான ரேம் அளவைச் சொல்லும், அதுவும் குரோம் வகைப் பிரவுசர்களில் மட்டும். எட்டுக் கோர் என்று வந்தால் அது வேகமான போனா, எட்டு ஏ53 உள்ள போனா என்று இதில் தெரியாது. பின்னணி வீடியோவை ரேம் குறைந்த போனில் நிறுத்துவது போன்ற சின்ன முடிவுகளுக்கு இது போதும். 'மெதுவான போனுக்குத் தனித் தளம்' என்று போகாதீர்கள். இரண்டு தளத்தைப் பராமரிக்கும் தலைவலி மிஞ்சும். மெதுவான போனுக்கு ஏற்றபடி செய்த ஒரே தளம் வேகமான போனில் பறக்கும்.

படி 6: மாற்றியபின்

ஒரு மாற்றம் செய்யுங்கள், அதே மடங்கில் மெதுவாக்கி அதே பட்டனை மறுபடி பதிவு செய்யுங்கள். நாலைந்து முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவீட்டை நம்ப வேண்டாம். போனில் சோதிக்கிறீர்கள் என்றால் நடுநடுவே அதை ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல மாற்றம்கூடச் சூட்டால் மோசமாகத் தெரியும்.

எந்தப் பட்டன் யாருக்கு இழுக்கிறது என்று தொடர்ந்து தெரிய வேண்டுமானால், கூகுள் இலவசமாகத் தரும் வெப் வைட்டல்ஸ் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைச் சேர்த்து, வருகிற எண்களை உங்கள் சர்வருக்கு அனுப்பிக்கொள்ளலாம். எந்த உறுப்பைத் தொட்டார்கள், மூன்றில் எந்தப் பகுதி நீண்டது என்பதையும் அது தரும். சராசரி பார்க்காதீர்கள், வேகமான போன்கள் சராசரியை அழகாக்கிவிடும்.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் எண் மறுநாளே மாறாது. அது 28 நாள் தொகுப்பு என்பதால் பழைய மோசமான நாட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகுதான் உங்கள் மாற்றத்தின் முழுப் பலனும் அதில் தெரியும். முதல் வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள்.